சாரனில் விழுந்த கோடு

1. மேசையில் விரித்த சாரன்

மீராலெவ்வை ஹாஜியார் எங்கள் வேலைத்தளத்துக்கு வந்தால் முதலில் சலாம் சொல்வார். பிறகு பிளேன்ரீ கேட்பார். அதைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைத் தொடுவார். அந்தத் திங்கட்கிழமை சலாம் மட்டும் சொன்னார். கையிலிருந்த சாரனை உதறி என் மேசையில் விரித்தார். மேசையில் கிடந்த மீட்டரும் ஸ்குரூ டிரைவரும் நான் பாதி தின்று வைத்திருந்த பணிசும் சாரனுக்கு அடியில் போய்விட்டன.

“பாவா, இதப் பாரு,” என்றார்.

நீலக் கட்டம் போட்ட, இடுப்பில் கட்டுகிற சாரன். ஓரத்தில் சின்னச் சின்னப் பூ. அவர் விரல் வைத்த இடத்தில், துணியின் குறுக்கே, நகத்தின் அகலத்துக்கு ஒரு கோடு ஓடியது. அந்த இடத்தில் பூவின் தலை ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமுமாக விலகி நின்றன.

“கொழும்புக் கடக்காரன் கட்டோட திருப்பி அனுப்பிட்டான். ஒண்டு ரெண்டில்ல. ஒவ்வொரு கட்டுலயும் நாலஞ்சு சாரன் இப்பிடி. பழைய டொபியில இருபது வருசமா நெய்யிறம், ஒரு நாளும் இப்பிடி வந்ததில்ல. உங்கட பெட்டிய மாட்டி ஒண்டர மாசந்தான் ஆகுது.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

“சனிக்கிழம வரைக்கும் பாக்கிறன். சரிவந்தாச் சரி. இல்லாட்டி ஆறு பெட்டியையும் கழட்டிட்டுப் போ. பழைய டொபிய நான் விக்கல்ல, கொட்டிலுக்குப் பின்னால கெடக்கு. அதத் திருப்பி மாட்டிக்குவன்.”

சாரனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். லேத்துக்குப் பின்னால் நின்ற எங்கள் முதலாளி இல்யாஸ் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லேத்தை நிறுத்திவிட்டு வந்து சாரனைத் தூக்கிப் பார்த்தார்.

ஹாஜியாரின் மருதமுனை ஆலையில் மொத்தம் இருபத்துநான்கு மின்தறிகள். ஆறில் எங்கள் பெட்டியை மாட்டிப் பார்ப்பது, நன்றாக ஓடினால் மிச்சம் பதினெட்டுக்கும் ஓடர் என்பது பேச்சு. மருதமுனையில் மற்ற ஆலைக்காரர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் ஒரு ஆலையில் காலையில் நடந்தது மத்தியானத்துக்குள் எல்லா ஆலைக்கும் தெரிந்துவிடும். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது.

2. அரிசி ஆலையிலிருந்து தறிக்கு

இன்றைக்கு எங்கள் கொம்பனிக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் இரண்டு பெரிய ஹோல் கட்டடங்களைப் பார்க்கிறார்கள், கம்பியூட்டரில் டிசைன் வரைகிறார்கள். இது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் சேரும்போது அது கல்முனையில் ஒரு தகரக் கொட்டில். ஒரு லேத், ஒரு வெல்டிங் பிளான்ட், ஐந்து பேர். சம்மாந்துறை அரிசி ஆலைகளின் சாஃப்ட் கடைவதும், நெல் வெட்டுக் காலத்தில் வயலில் படுத்துவிட்ட வெட்டு மெஷினை எழுப்புவதும்தான் இல்யாஸ் நானாவின் பிழைப்பு. வெட்டுக் காலம் முடிந்தால் ஈ ஓட்டுவோம். அந்த ஈ ஓட்டும் மாதங்களில்தான் அவருக்குத் தறியில் ஆசை வந்தது.

முதலில் செய்தது நூல் சுற்றுகிற மெஷின். பழைய வோஷிங் மெஷின் மோட்டரைக் கழற்றி, ஒரே நேரத்தில் எட்டு பொபின் சுற்றுகிற மாதிரிச் செய்தார். மருதமுனையில் வீட்டில் இருந்து நூல் சுற்றும் பெண்களிடம் கொடுத்தோம். இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷின் ஓடுகிற வேகத்துக்கு நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். இல்யாஸ் நானா தையல் மெஷினின் கால் மிதியை அதில் பூட்டினார். அந்தப் பெண்களுக்குப் பழகின கால் அது. தேவையான இடத்தில் வேகம், தேவையில்லாத இடத்தில் நிதானம். பிறகு அந்த மெஷினை நாங்கள் செய்து முடிக்க முடியாத அளவுக்குக் கேட்டு வந்தார்கள்.

அடுத்தது பாவு ஓட்டுகிற டிரம். அதற்குப் பிறகு மின்தறிக்கு உதிரிப்பாகம். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறினோம். நான் அதற்கு முன் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கே எலெக்ட்ரோனிக் பெட்டி வைத்த மெஷின்களைக் கண்டிருந்தேன். நாமும் ஒரு பெட்டி செய்தால் என்ன என்று இல்யாஸ் நானாவின் காதில் ஓதியது நான்தான். அந்த வேலைக்குச் சீலனைக் கூட்டி வந்ததும் நான்தான்.

ஜெயசீலன் கல்முனை மெதடிஸ்ட் கோயிலடிப் பிள்ளை. ரீவி, ரேடியோ திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தான். கதை குறைவு, கை சுத்தம். சோல்டர் பிடித்தால் ஊசியில் நூல் கோத்த மாதிரி இருக்கும்.

3. பெட்டி

டொபி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் பூ விழ வேண்டுமென்றால், குறுக்கு நூலோடு நாடா ஒவ்வொரு தரம் ஓடும்போதும், நீளவாக்கில் நிற்கும் பாவு நூலில் எது மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் டொபி. நாடா ஒரு தரம் ஓடுவதை நாங்கள் ஒரு பிக் என்போம்.

பழைய டொபியில் மரக் கட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து, அதில் ஆணி அடித்து வைத்திருப்பார்கள். ஆணி இருந்தால் நூல் மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. நல்ல சாமான்தான். ஆனால் பூவை மாற்ற வேண்டுமென்றால் ஆணிகளைக் கழற்றி அடிக்க ஒன்றரை நாள் போகும். எங்கள் பெட்டியில் பூவை ஒரு சின்ன மெமரி கார்டில் வைத்தோம். கார்டை மாற்றினால் பூ மாறும். ஐந்து நிமிடம்.

கொடுப்பதற்கு முன் எங்கள் கொட்டிலிலேயே ஒரு பழைய தறியில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். இடையில் கரண்ட் போனது. போனால் பூ கொஞ்சம் தப்பும் என்பதையும் கண்டுகொண்டோம். அதற்குச் சீலன் ஒரு வழி வைத்தான். கரண்ட் வந்ததும் தறியின் பாரச் சக்கரமான சில்லைக் கையால் பின்னால் திருப்பி, பூ எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து, பெட்டியில் அந்த எண்ணைப் போட்டுவிட்டுத்தான் ஓட விட வேண்டும். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு தறியிலும் தொங்கவிட்டான்.

எல்லாம் பார்த்தாயிற்று என்றுதான் நினைத்தோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய் மாட்டினோம்.

4. சிவப்பு நூல்

செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஹாஜியாரின் ஆலைக்குப் போனேன். துணி மடிக்கும் அறையில் ஹயாத்து ராத்தா இருந்தார். தறியிலிருந்து வரும் துணியை விரித்து, பிழை பார்த்து, சாரன் அளவுக்கு வெட்டி மடிப்பவர் அவர். கொழும்புக் கட்டுகள் திரும்பி வந்ததும் எல்லாத் துணியையும் மறுபடி விரித்து, கோடு விழுந்த இடமெல்லாம் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். தறியில் நிற்பவனுக்குக் கோடு தெரியாது. விரித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்.

“பாருங்க பாவா நானா, ஒங்கட பெட்டி எனக்கு முடிச்சுப் போடுற வேல ஒண்டு தந்திரிக்கி,” என்றார்.

நான் முடிச்சுகளை எண்ணினேன். ஒவ்வொரு தறியின் துணியிலும் ஒரு நாளைக்கு இரண்டு கோடு. ஆறு தறியிலும் அப்படியே. அவர் துணியில் சோக்கால் கிழமையையும் எழுதி வைத்திருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைத் துணியில் ஒரு கோடுதான்.

இதைக் கண்டதும் எனக்குப் பெரிய புத்தி வந்துவிட்டது. ஆறு தறிக்கும் ஒன்றாக வருகிற கோளாறு என்றால் அது பெட்டிக்குள்ளிருந்து வருவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஆறுக்கும் பொதுவாக வருவது கரண்ட். ஆகவே வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. வெள்ளிக்கிழமை ஏன் ஒன்று? அன்றைக்கு ஐஸ் ஃபெக்டரியும் அரிசி ஆலையும் ஜும்ஆத் தொழுகைக்கு நிற்கும், கரண்டில் இழுவை குறையும், வோல்டேஜ் நன்றாக இருக்கும். ஒரு மெக்கானிக்குக்கு இதைவிட அழகாக ஒரு காரணம் கிடைக்குமா என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

இருந்தாலும் தறிக்காரர்களிடமும் கேட்க வேண்டும் அல்லவா. மூத்த தறிக்காரர் அன்சார். இரண்டு தறிக்கு நடுவில் நின்று இரண்டையும் பார்ப்பவர். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“கரண்ட் போகுதா?”

“போன கிழம ரெண்டு தரம் போச்சு. சீலன் எழுதித் தந்த மாதிரி சில்லத் திருப்பிப் பாத்துத்தான் போட்ட. அதுல கோடு விழல்ல.”

“இடையில தறிய நிப்பாட்டுறயா?”

“நூல் அறுந்தா நிப்பாட்டுவம். பொத்தான அமத்தித்தான் நிப்பாட்டுற. அதுலயும் விழல்ல.”

“வேற எதுக்காலும் நிப்பாட்டுறயா?”

அன்சார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வேற என்னத்துக்கு நிப்பாட்டுற? வேல நடக்கணும் தானே.”

‘வேறு நிறுத்தம் இல்லை’ என்று எழுதிக்கொண்டேன். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகும்.

5. ஸ்டெபிலைசர்

புதன்கிழமை ஒரு பெரிய ஸ்டெபிலைசரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து, கரண்டை அதன் வழியாகத் தறிக்கு அனுப்பினேன். மீட்டரைப் பூட்டி, பக்கத்தில் கதிரை போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். வோல்டேஜ் ஒரு பொட்டுக்கூட அசையவில்லை. வெயிலும் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றும் அடித்து எரித்தன, ஆனால் மீட்டர் முள் அப்படியே நின்றது. சந்தோசத்தில் ஹாஜியாரின் வீட்டிலிருந்து வந்த மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மாலையில் ஹயாத்து ராத்தா துணியை விரித்தார். ஆறு தறி. ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு. அவர் சிவப்பு நூலை எடுத்தார்.

அன்று நான் கொட்டிலுக்குத் திரும்பும்போது இல்யாஸ் நானா காத்துக்கொண்டிருந்தார்.

“பாவா, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. பெட்டி திரும்பி வந்து சேந்தா இந்த எலெக்ட்ரோனிக் வேல இதோட போதும். நமக்கு லேத் இரிக்கி, வெல்டிங் இரிக்கி. நூல் சுத்துற மெஷின் இரிக்கி. ஆழம் தெரியாமக் கால விட்டிட்டம் எண்டு நெனச்சிக்குவம்.”

“அப்ப சீலன்?”

“சீலனுக்கு என்னத்தக் குடுக்கிற? ரீவி திருத்தவா சொல்லுற?”

சீலன் அந்தப் பக்கம் தலை குனிந்து சோல்டர் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“நானா, கட்டாருல ஒரு வேல சரிவந்திருக்கு. வாற திங்களுக்குள்ள ஓம் இல்ல எண்டு சொல்லச் சொல்லி ஏஜென்சிக்காரன் போன் எடுக்கிறான். நான் இன்னும் சொல்லல்ல.”

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரீவிக் கடையை மூடவைத்து அவனைக் கூட்டி வந்தவன் நான். பெட்டி திரும்பி வந்தால் அவன் போவான். அவன் போனால் நாங்கள் பிறகு ஒருநாளும் சொந்தமாக ஒரு மெஷினைச் செய்யத் துணிய மாட்டோம். பிறர் செய்த மெஷினுக்குச் சாஃப்ட் கடைந்துகொண்டே காலத்தை ஓட்டுவோம்.

“நாளைக்கு நீயும் வா,” என்றேன். “நான் கரண்டப் பாக்கிறன், நீ பெட்டியப் பாரு.”

6. சீலன் மட்டும் இருந்தான்

வியாழக்கிழமை காலை முழுக்கச் சீலன் ஒரு தறியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. பூ சரியாக விழுந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போல மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மீட்டரோடு.

மத்தியானத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னது. “நானா,” என்று அன்சார் அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டினார். நான் எழும்பி மெயினை இறக்கினேன். தறிச் சத்தம் அடங்கி, பாங்குச் சத்தம் தெளிவாக உள்ளே வந்தது. எல்லோரும் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனோம்.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்தேன். சீலன் தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். முக்காலி கவிழ்ந்து கிடந்தது.

“நானா, மெயினப் போடாதீங்க,” என்றான். “கொஞ்சம் இஞ்ச வாங்க.”

போனேன்.

“நீங்க மெயின இறக்கினீங்க. பெட்டி அந்த நிமிசமே செத்துட்டு. ஆனாத் தறி சாகல்ல. சில்லு பாரந்தானே, அது சுத்திட்டே போய் இன்னும் நாலு பிக் அடிச்சிட்டுத்தான் நிண்டது. நான் எண்ணினன். அந்த நாலு பிக்கிலயும் நூலுக்கு வழி சொல்ல ஆள் இல்ல. பெட்டிக்கு அந்த நாலும் தெரியவும் தெரியா. இனிக் கரண்டப் போட்டா அது விட்ட இடத்துல இருந்துதான் தொடங்கும்.”

நான் துணியைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அது கண்ணில் படவில்லை. சீலன் போன் லைட்டைச் சரித்துப் பிடித்ததும் தெரிந்தது. கோடு.

“மறுகா என்ன நடக்கும்?” என்றேன்.

“மறுகா என்ன நானா. பின்னேரம் அஸர்ப் பாங்குக்கும் இதுதான் நடக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு.”

அன்சாரும் வந்து நின்றார். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. “நீங்க நிப்பாட்டுறயா எண்டுதானே கேட்டீங்க?” என்றார் என்னிடம். “இது நிப்பாட்டுற இல்லியே. பாங்கு சொன்னா மெயின இறக்கிற வழக்கம்தானே.”

அவர் பொய் சொல்லவில்லை. கரண்ட் போனால் அது கோளாறு, அதற்குத் தாள் இருக்கிறது. நூல் அறுந்தால் அது வேலை, அதற்குப் பொத்தான் இருக்கிறது; பொத்தானை அமத்தினால் பிரேக் பிடித்துத் தறி அந்த இடத்திலேயே நிற்கும். மாலையில் வேலை முடிக்கும்போதும் பொத்தான்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளித்துப் போக வேண்டும் என்று பதினொன்றரைக்கே ஒவ்வொரு தறியாகப் பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால்தான் அன்று ஒரு கோடு. ஆனால் பாங்கு என்பது யார் கணக்கிலும் நிறுத்தம் இல்லை. பாங்குச் சத்தம் கேட்கும்போது தறிச் சத்தம் அடங்க வேண்டும், மெயினுக்குப் பக்கத்தில் நிற்பவன் இறக்கிவிடுவான். அவ்வளவுதான். மூச்சு விடுகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பழைய டொபி தறியோடு பூட்டியிருந்ததால் தறி எத்தனை பிக் ஓடினாலும் அதுவும் கூடவே ஓடும். அதனால் இருபது வருடமும் இந்த வழக்கம் ஒரு கோடும் போடவில்லை.

என் நிலைமையைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு தரம் மெயினை இறக்கியது யாரோ. புதன்கிழமை இரண்டு தரமும் இறக்கியது நான். வோல்டேஜ் அசைகிறதா என்று மீட்டரை முறைத்துக்கொண்டிருந்தவனே எழும்பி, கரண்டை முழுக்க வெட்டிவிட்டுத் தொழப் போய், திரும்பி வந்து மறுபடியும் மீட்டரை முறைத்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது மன்னிக்கலாம். நான் வெண்ணெயில் உட்கார்ந்துகொண்டே அலைந்திருக்கிறேன்.

அன்சார் முதலில் சிரித்தார். பிறகு சீலன். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை.

7. யாரை மாற்றுவது

சிரித்து முடிந்த பிறகு வேலை இருந்தது. எனக்குச் சுலபமான வழி தோன்றியது.

“ஒரு போர்டு எழுதி ஒட்டுவம். பாங்குக்கு முன்னுக்குப் பொத்தான அமத்து, பிறகு மெயின இறக்கு எண்டு.”

சீலன் உடனே தலையை ஆட்டினான். “சரிவராது நானா. நாளைக்கு எல்லாத்துலயும் பெட்டி வந்தா, பாங்கு கேட்டாப் பிறகு இருபத்துநாலு தறிக்கும் ஓடி ஓடி அமத்தச் சொல்லுறீங்களா? ரெண்டு நாளைக்குச் செய்வாங்க. மூணாம் நாள் மெயின இறக்கிட்டுப் போயிடுவாங்க. அவங்க இருபது வருசமாச் செய்யிறது. பெட்டி வந்து ஒண்டர மாசம். மாறுறதெண்டா பெட்டிதான் மாறணும்.”

அன்றைக்கே கல்முனை டவுனில் ஏறி இறங்கி, வீட்டில் வைஃபை ரவுட்டருக்குக் கரண்ட் போனால் ஓட வைக்கிற சின்ன பெட்டரி ஆறு வாங்கினான். மெயினை இறக்கினாலும் பெட்டி உயிரோடு இருக்கும், தறி நிற்கும் வரைக்கும் ஒவ்வொரு பிக்குக்கும் நூலுக்கு வழி சொல்லும், கடைசியில் நின்ற இடத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் தூங்கும். கரண்ட் போனாலும் அதேதான். தொங்கவிட்டிருந்த தாளும் தேவையில்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஆலை ஜும்ஆவுக்கு மூடியிருந்த நேரத்தில் ஆறையும் மாட்டி முடித்தான். நான் தொழுதுவிட்டு அவனுக்குப் புரியாணிப் பார்சலோடு வந்தபோது கடைசிப் பெட்டியின் மூடியை முடுக்கிக்கொண்டிருந்தான். அஸருக்கு அன்சார் மெயினை இறக்கினார். சீலன் எண்ணினான். நாலு பிக், நாலும் சரி.

சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு ஹாஜியாரே மடிக்கும் அறைக்கு வந்தார். இல்யாஸ் நானாவும் வந்திருந்தார். மடிக்கும் பலகையில் ஹயாத்து ராத்தா துணியை இழுத்து இழுத்து விரித்தார். ஒரு தறியின் துணி முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. சீலன் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் மனதுக்குள் ஓதத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினேன். ஆறாவதும் முடிந்து, ராத்தா கையைத் தட்டி உதறினார்.

“ஒண்டும் இல்ல ஹாஜியார். துணி சுத்தம்.”

ஹாஜியார் தானும் ஒரு தரம் தடவிப் பார்த்தார். “மிச்சப் பதினெட்டுத் தறிக்கும் எப்ப மாட்டுற?” என்று இல்யாஸ் நானாவைக் கேட்டார். அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்டார்.

“ஒரு மாசம் ஒங்கட கொட்டில்ல ஓட்டிப் பாத்த எண்டு சொன்னீங்களே. நீங்களும் தொழுற ஆக்கள்தானே. அங்க ஏன் இந்தக் கோடு விழல்ல?”

“போய் யோசிச்சுச் சொல்லுறம் ஹாஜியார்,” என்றார் இல்யாஸ் நானா.

8. எங்களைத் தெரியாத மெஷின்

கொட்டிலுக்குத் திரும்பிய பிறகு இல்யாஸ் நானா அதே கேள்வியைச் சீலனிடம் கேட்டார். சீலன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முகம் மாறியது.

“நானா, நீங்க எல்லாரும் தொழப் போனா இஞ்ச மற்ற மெஷின் எல்லாம் நிக்கும். அந்தத் தறிய மட்டும் நான் நிப்பாட்டல்ல. நீங்க வரக்குள்ள இன்னும் ஒரு முழம் துணி ஏறி இருந்தா உங்களுக்கு வேல குறையும் எண்டு ஓட விட்டன். ஒரு மாசமும் அப்பிடித்தான் ஓட விட்டன்.”

அதை நாங்கள் அறியாமல் இல்லை. தொழுதுவிட்டு வரும்போது தறி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் ரோட்டுக்கே கேட்கும். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே உள்ளே வருவோம். அவன் எங்களுக்குச் செய்த உபகாரம் அது. அந்த ஒரு மாதத்தில் எங்கள் தறிக்கு ஒரு பாங்குகூடப் படவில்லை.

இல்யாஸ் நானா சீலனின் தோளில் கை வைத்தார்.

“நாங்க இல்லாத நேரத்துல நீ எங்களுக்காக வேல செஞ்சிரிக்காய். அதுக்குக் கூலி அல்லா தருவான். ஆனா மெஷினுக்கு எங்களத் தெரியாமப் போனது அதாலதான். இனிமே நாங்க எழும்பினா நீயும் எழும்பு. மெயின நீயே இறக்கு.”

“நான் எங்க போற நானா?”

“கடலப் பாத்துட்டு வா. டீ குடி. ஒங்கட வேதத்த ஓது. என்னத்தையாவது செய். வேல மட்டும் செய்யாத.”

அடுத்த திங்கட்கிழமை சீலன் கட்டார் ஏஜென்சிக்குப் போன் எடுத்து, தான் வரவில்லை என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசம் பதினெட்டுப் பெட்டி ஓடருக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வளர்ச்சிக் கதை, அதை நான் நீட்டப்போவதில்லை. மருதமுனையில் மற்ற ஆலைகள் வந்தன. பிறகு கண்டிப் பக்கத்திலிருந்தும் குருநாகல் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். தகரக் கொட்டில் போய் ஹோல் வந்தது. டிசைன் பிரிவு என்று ஒன்று வந்தது, அதற்குத் தலைவர் ஜெயசீலன். ஒவ்வொரு புது மெஷினையும் சோதிக்கும் ஹோலில் லுஹர் பாங்கு சொன்னதும் மெயினை இறக்குவது இன்றும் அவன் வேலைதான். இறக்கிவிட்டு மெஷின் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே போவான். நான் ஓய்வு பெறும் நாளிலும் அப்படித்தான் போனான்.

சேர்விஸுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமரிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆட்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள், வழக்கமாகச் செய்வதைச் சொல்ல மாட்டார்கள். அது செய்கிற காரியம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. ஒரு முழு நாள், திறப்பதிலிருந்து பூட்டுவது வரை, அங்கே இருங்கள். மெஷின் எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எப்படி நிற்கிறது என்று நீங்கள் பாருங்கள்.

ஆனால் அதுவும் போதாது என்பதற்கு நானே சாட்சி. நான் இரண்டு முழு நாள் அங்கே இருந்தவன்தான். அவர்களுடைய வழக்கம் எனக்கும் வழக்கம் என்பதால் அது என் கண்ணில் படவில்லை. ஆகவே போகும்போது உங்களைப் போல இல்லாத ஒருவனையும் கூட்டிப் போங்கள். நீங்கள் எல்லோரும் எழும்பிப் போனபிறகும் அங்கே இருந்து பார்க்க ஒருவன் வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவன் இருந்தான், அது அல்லா எங்களுக்கு எழுதிய நஸீபு.